முதல் இரண்டு வருடம் எங்கே?

"கம்யூனிட்டி காலேஜ்" என்று யாராவது சொன்னால் போதும், நம்ம பாட்லக் கூட்டங்களில் பேச்சு சட்டென்று சாம்பாருக்கு மாறிவிடும். படிப்பு வராத பிள்ளைகள் போகும் இடம் என்று ஒரு நினைப்பு.

போன வருடம் என் மகள் ஆசைப்பட்ட யூசி கேம்பஸ்கள் கைவிரித்துவிட்டன. இடம் கொடுத்த தனியார் பல்கலைக்கழகத்தின் கட்டணமோ தலை சுற்ற வைத்தது. தம்பியும் இரண்டு வருடத்தில் காலேஜ் போக வேண்டும். "அம்மா, நான் இங்கேயே கம்யூனிட்டி காலேஜ்ல சேர்றேன், அப்புறம் டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கறேன்" என்றாள். என் அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஏம்மா, மார்க் நல்லாத்தானே இருக்கு? எதுக்கு இது?" அவர் வளர்ந்த ஊரில் பிளஸ் டூ மார்க் ஒரு கதவை மூடினால் மூடினதுதான். இங்கே இரண்டாவது கதவு உண்டு என்பதை அவருக்குப் புரிய வைக்கவே ஒரு மாதம் ஆனது.

அந்தக் கதவு கலிஃபோர்னியாவில் 1960 மாஸ்டர் பிளானிலேயே போடப்பட்டது. இங்கே 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர். டிரான்ஸ்ஃபருக்குத் தேவையான 60 யூனிட்டுக்கு மொத்தம் 2,760 டாலர். யூசியில் டியூஷன் மட்டுமே வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல். விடுதி, சாப்பாடு தனி. கடைசியில் கையில் வரும் பட்டத்தில் யூசி பெயர்தான் இருக்கும்.

'டேக்' என்ற இடமாற்ற உத்தரவாதமும் உண்டு. டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறில் ஒன்றுக்கு மட்டும் போடலாம். பர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இதில் இல்லை. சில மேஜர்களுக்கும் கிடையாது. இதைச் சேருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இனி மறுபக்கம். பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் விடுதி இல்லை. கிளாஸ் முடிந்ததும் எல்லாரும் பார்க்கிங் லாட்டுக்கு ஓடுகிறார்கள். பாதிப் பேருக்கு வேலை இருக்கிறது. பள்ளித் தோழிகள் டார்ம் ரூம் படம் போடும்போது இவள் தன் பழைய அறையில், பழைய மேஜையில். முதல் செமஸ்டர் முழுக்க "ஃப்ரெண்ட்ஸே இல்லம்மா" என்றாள். பணக் கணக்கில் இது எங்கேயும் வராது, ஆனால் அதுவும் ஒரு விலைதான்.

இன்னொன்று, வரிசை. அவள் பயாலஜி மேஜர். ஜெனரல் கெமிஸ்ட்ரி முடிக்காமல் ஆர்கானிக் எடுக்க முடியாது. ஒரு கிளாஸ் நிரம்பி இடம் கிடைக்காமல் போனால் அடுத்தடுத்து எல்லாம் தள்ளிப்போகும். இரண்டு வருடம் மூன்றாகிவிடும். எந்தப் பாடம் எந்த யூசியில் செல்லும் என்று அசிஸ்ட் இணையதளத்தில் முதல் வாரமே பார்த்து, கவுன்சலரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கி, ரெஜிஸ்ட்ரேஷன் திறக்கிற நாளில் விழித்திருக்க வேண்டும். யாரும் கையைப் பிடித்து அழைத்துப் போக மாட்டார்கள். நாமும் முடியாது: மகளின் அனுமதி இல்லாமல் காலேஜ் பொதுவாக நம்மிடம் மார்க்கைக்கூடச் சொல்லாது. யூசிக்குப் போன பிறகும் பேராசிரியர்களைப் பழக்கிக்கொள்ள, லேபில் இடம் தேட இரண்டே வருடம்தான்.

அதனால் என்னைக் கேட்கிறவர்களிடம் நான் மார்க்கைப் பற்றிக் கேட்பதில்லை. "உங்க பிள்ளை தானே ஒரு ஈமெயில் போட்டு, பதில் வரலேன்னா மறுபடி போட்டுக் கேட்குமா?" என்று கேட்கிறேன். கேட்கும் என்றால் கம்யூனிட்டி காலேஜ் நல்ல வழி. காலையில் எழுப்பிவிடுவதற்கே நாம் வேண்டும் என்றால், விடுதியும் ஆலோசகர்களும் உள்ள இடத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவு இல்லை.

மகள் டேவிஸுக்கு டேக் போட்டிருக்கிறாள். அப்பா இப்போதெல்லாம் ஃபோனில் "ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எப்படிடா கண்ணா போகுது?" என்றுதான் விசாரிக்கிறார். எந்த காலேஜ் என்று கேட்பதை விட்டுவிட்டார்.