கேட்போர் கூடம்

யாழ்ப்பாணத்திலே ஒருவர் "கச்சேரிக்குப் போகிறேன்" என்று கூறினால், அவர் பாட்டுக் கேட்கச் செல்கிறாரோ, காணி விடயமாக விண்ணப்பம் கொடுக்கச் செல்கிறாரோ என்று கேட்பவர் சிறிது தயங்க வேண்டியிருக்கும். அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு மாவட்டச் செயலகம் என்ற பெயர் வந்த பின்னரும், மக்கள் நாவில் அது கச்சேரியாகவே வழங்குகின்றது. அந்தக் கச்சேரிக்குச் சென்றவர் தமது அலுவல் முடிந்ததும் எழுந்து வந்துவிடலாம், அதிற் குற்றமில்லை. இசைக் கச்சேரிக்குச் சென்றவரும் அவ்வாறே செய்யலாமா என்பதைத்தான் இங்கே சிறிது சிந்திக்க விரும்புகின்றோம்.

இச்சிந்தனைக்குக் காரணம் நமது நகரின் நடுவே எழுந்து நிற்கும் புதிய கலாசார மண்டபமேயாகும். புல்லுக்குளத்தின் அருகே, 1981 ஆம் ஆண்டில் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகத்தின் அயலிலே, இந்திய அரசின் நன்கொடையாக அது அமைந்துள்ளது. 2015 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2023 பெப்ரவரியில் மக்களுக்குக் கையளிக்கப்பட்டது. பதினொரு மாடிக் கோபுரமும், நூதனசாலையும், ஏறத்தாழ 600 பேர் அமரக்கூடிய அரங்கும் கொண்ட இக்கட்டடத்துக்கு 2025 ஜனவரியிலே திருவள்ளுவரின் பெயரும் சூட்டப்பட்டது. நல்ல மண்டபம் இல்லையே என்று ஏங்கியிருந்த ஊருக்கு இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மண்டபம் வேறு, சபை வேறு. மண்டபத்தைப் பிறர் கட்டித் தரலாம். சபையை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோர்க்கு மண்டபம் இருக்கவில்லை, சபை இருந்தது. கோயில் வீதியே அவர்களது அரங்கு. திருவிழாக் காலத்தில் மணலிலே பாயை விரித்து, குழந்தையை மடியிலே உறங்கவைத்து, மேளச் சமாவை விடியும்வரை கேட்டார்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) வாசித்த இரவுகளைப் பற்றி முதியோர் பேசும்போது அவர்களுடைய விரல்கள் தாமாகவே தொடையிலே தாளமிடுவதை நாம் கண்டிருக்கின்றோம். நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றினார் என்றால், கதையின் முடிவை நன்கறிந்த மக்களே மீண்டும் மீண்டும் வந்து முழுவதையும் பார்த்தார்கள் என்பதே அதன் பொருள்.

பின்னர் மண்டபங்கள் வந்தன. கூட்டுறவாளர்களின் உழைப்பால் எழுந்த வீரசிங்கம் மண்டபத்திலே பாட்டும் நாடகமும் நூல் வெளியீடும் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்துள்ளன. 1974 ஜனவரியில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடும் அங்கே கூடியது. அம்மாதம் 10 ஆம் திகதி இரவு, மண்டபத்துள் அடங்காது வெளியே திரண்டிருந்த மக்களிடையே உயிர்கள் பலியானமை நம் இனத்தின் ஆறாத வடு. தமிழைக் கேட்கவென்று வந்து உயிர்நீத்தோரின் நினைவைத் தாங்கிய நகரம் இது.

நமது தலைமுறைக்கும் கேட்டலின் அருமை தெரியும். மின்சாரமின்றி இருந்த தொண்ணூறுகளிலே, துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, 'தைனமோ'விற் பிறந்த சிறு மின்னாலே வானொலி கேட்டோம். கை சோர்ந்தால் பாட்டும் சோரும். ஆகவே ஒருவர் களைத்ததும் மற்றவர் சுழற்றுவார். பாட்டைக் கேட்பதற்கும் உழைக்க வேண்டும் என்பதை அந்நாட்கள் நமக்கு உணர்த்தின.

இன்று நாம் காண்பது யாது? அண்மையில் நகரிலுள்ள மண்டபம் ஒன்றிலே நடைபெற்ற கலைவிழாவுக்கு மாணாக்கர் சிலரை அழைத்துச் சென்றிருந்தோம். தொடக்கத்திலே ஆசனங்கள் நிறைந்திருந்தன. சிறுவர் நடனம் ஒவ்வொன்றாக முடிய, அந்தந்தப் பிள்ளையின் குடும்பத்தார் கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டு எழுந்தனர். பிரதம விருந்தினர் பேசி முடித்ததும் இன்னும் பலர் அகன்றனர். இறுதியாக இளம் பாடகர் ஒருவர் இராகத்தைத் தொடங்கியபோது முன்வரிசையிலே வெற்று ஆசனங்களே இருந்தன. அவர் ஒன்றையும் குறைக்காமற் பாடினார். திரும்பும் வழியில் மாணவன் ஒருவன், "சேர், அவர் ஆருக்குப் பாடினவர்?" என்று வினவினான்.

பொருள் பொதிந்த வினா. மருதனார்மடத்திலே 1960 ஆம் ஆண்டு தோன்றிய இராமநாதன் இசைக் கல்லூரியில் மகாராஜபுரம் சந்தானம் போன்ற வித்துவான் ஒருவர் அதிபராக இருந்தார். அந்நிறுவனம் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பட்டதாரிகளை உருவாக்குகின்றது. பாடக் கற்றுக்கொடுக்க இடமுண்டு; பாட மேடையும் உண்டு. கேட்கப் பழக்குவதற்கு மட்டும் எவரும் பாடசாலை நடத்துவதில்லை. அந்தப் பாடசாலை வீடேயாகும். தன் நடனம் முடிந்ததும் தாய் தந்தையர் எழுவதைக் காணும் பிள்ளை, பிறர் கலைக்குக் காது கொடுக்க வேண்டியதில்லை என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கின்றது. அப்பிள்ளையே நாளை அரங்கேறும்போது எதிரே வெற்று ஆசனங்களைக் காண நேரிடும்.

கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும், பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை என்பன நியாயமான காரணங்களே. நிகழ்ச்சிகளை நேரத்துக்குத் தொடங்காத அமைப்பாளரும் உரைகளை நீட்டும் பெரியோரும் இதிற் பங்காளிகளே. மாலை ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே திரை விலகுமாயின், பாதிப்பேராவது இறுதிவரை இருப்பர்.

ஆங்கிலத்திலே 'ஓடிற்றோரியம்' எனப்படும் இடத்துக்கு நமது நாட்டிலே கேட்போர் கூடம் என்று பெயர் வைத்திருக்கின்றோம். பாடுவோர் கூடம் என்றோ, பேசுவோர் கூடம் என்றோ வைக்கவில்லை. நமது புதிய மண்டபத்துக்குப் பெயர் தந்த வள்ளுவரும் கல்வி, கல்லாமை ஆகியவற்றையடுத்துக் கேள்வி என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் பெயரைச் சுவரிலே பொறித்துவிட்டு, அவ்வதிகாரத்தை வாசலிலே விட்டுச் செல்லுதல் தகுமா? அடுத்த முறை உங்கள் பிள்ளையின் நடனம் முடிந்ததும், அதற்குப் பின்னர் மேடையேறும் அயலார் பிள்ளைக்காகவும் சிறிது நேரம் அமர்ந்திருங்கள். நன்கொடையாக வந்த மண்டபம் அன்றே நம்முடையதாகும்.