மழைக்கு நடுவே நட்சத்திரம்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வான்பார்ப்போர் இலையுதிர் காலத்தைக் கொண்டாடுவதற்குக் காரணம் உண்டு. இரவு நீளத் தொடங்கிவிடும், கடுங்குளிர் இன்னும் வந்திருக்காது. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசி ஓரியானிட் எரிநட்சத்திரங்களாக விழும். நவம்பர் 17 வாக்கில் லியோனிட்கள் வரும். தமிழ்நாட்டில் அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை. சென்னைக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கிற மழையில் பெரும்பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே கொட்டித் தீர்க்கிறது. ஐப்பசியில் தொலைநோக்கியோடு மொட்டைமாடிக்கு ஏறுகிறவரிடம் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, "குடை எடுத்தாச்சா?"

மழை நின்றாலும் தொல்லை தீராது. ஈரக்காற்றில் லென்ஸின் உட்புறம் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். அதனால் பைனாகுலர் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அலமாரியில் பத்திரப்படுத்தி வைப்பார்கள். ஆனால் இரண்டு நாள் மழைக்குப் பிறகு வானம் ஒருமணி நேரம் வெளிவாங்கினால் போதும். தூசியெல்லாம் கழுவப்பட்ட அந்த வானத்தின் தெளிவு கோடையில் எந்த இரவிலும் கிடைக்காது.

இந்த மேகப் போராட்டத்துக்கு நல்ல வரலாறும் இருக்கிறது. 1872 நவம்பர் 27 அன்று இரவு, ஐரோப்பிய வானில் மணிக்கு ஆயிரக்கணக்கில் எரிநட்சத்திரங்கள் பொழிந்தன. எல்லாம் ஆண்ட்ரோமீடா மண்டலத்திலிருந்து கிளம்புவதுபோல் தெரிந்தன. பீலா என்ற வால்நட்சத்திரம் 1846இல் இரண்டாக உடைந்து, 1852இல் இரு துண்டுகளாகவே திரும்பி வந்து, அதன்பின் யார் கண்ணிலும் படாமல் போயிருந்தது. அதன் சிதறல்தான் இது என்பது தெளிவாயிற்று. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து வானியலர் கிளிங்கர்ஃபூஸ் ஒருபடி மேலே யோசித்தார். தூசி ஆண்ட்ரோமீடா பக்கமிருந்து வந்தது என்றால், பூமியை உரசிப்போன வால்நட்சத்திரம் அதற்கு நேர் எதிர்த்திசையில், தென்வானத்தில், தீட்டா சென்டாரி நட்சத்திரத்தின் அருகே போய்க்கொண்டிருக்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து அதைப் பார்க்க வழியில்லை. சென்னையிலிருந்து பார்க்கலாம்.

தந்தி பறந்தது, மதராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சனுக்கு: பீலா பூமியைத் தொட்டுவிட்டது, தீட்டா சென்டாரி பக்கம் தேடுங்கள்.

தேடுவதற்கு வானம் வேண்டுமே! கார்த்திகை மாதம், மேகமும் மழையும் வழிவிடவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு விடியலில் திரை விலகியது. சொன்ன இடத்துக்கு அருகிலேயே ஒரு வால்நட்சத்திரம் இருந்தது. மறுநாள் விடியலிலும் அதைப் பார்த்தார். பிறகு மீண்டும் மேகம். பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று நாள் நிலைகள் வேண்டும். கையில் இருந்தவை இரண்டு. பீலா அந்த இடத்தைப் பல வாரங்களுக்கு முன்பே கடந்திருக்க வேண்டும் என்று பின்னர் கணக்குகள் காட்டின. அப்படியானால் போக்சன் பார்த்தது எது? வானியல் வரலாற்றின் சுவாரசியமான தற்செயல்களில் இதற்கு முன்வரிசையில் இடம் கொடுக்கலாம். நுங்கம்பாக்கத்தில் அந்த ஆய்வகம் இருந்த வளாகத்தில் இன்று இயங்குவது வானிலை ஆய்வு மையம். சென்னையின் வான்பார்ப்போர் மாலையில் முதலில் தேடுவதும் அங்கிருந்து வரும் மழை அறிவிப்பைத்தான்.

ஓர் இரவு நிகழ்ச்சிகளை நம்பினால் இங்கே ஏமாற்றம்தான் மிஞ்சும். வானில் வாணவேடிக்கை என்று செய்தி வரும். நல்ல இருட்டில் மணிக்கு இருபது ஓரியானிட்கள் தெரிந்தாலே பெரிது, நகரத்தில் இரண்டு மூன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். ஓடிவிடாமல் காத்திருக்கும் பொருள்களோடு பழகுவதே மழைநாட்டுக்கு ஏற்ற வழி.

ஆண்ட்ரோமீடா விண்மீன்திரள் அப்படிப்பட்டது. நவம்பர் கடைசியில் இரவு எட்டு மணிக்கு அது வடக்கே நல்ல உயரத்தில் நிற்கும். பஞ்சாங்கத்தின் பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்தால் வானில் ஒரு பெரிய சதுரம். அதன் வடகிழக்கு மூலையிலிருந்து இரண்டு நட்சத்திரம் தள்ளி மிராக். அங்கிருந்து வடக்கே திரும்பி மங்கலான இரு நட்சத்திரங்களைத் தாண்டினால், சுண்ணாம்பு விரலால் தீற்றியதுபோல் ஒரு வெளிறல். நேராகப் பார்த்தால் கரையும். பார்வையைச் சற்றே ஒதுக்கினால் தெளியும். அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

அதற்குக் கிழக்கே அல்கால் என்ற நட்சத்திரம். 1782 நவம்பர் 12 அன்று, இங்கிலாந்தின் யார்க் நகரில், காது கேளாத பதினெட்டு வயது ஜான் குட்ரிக் அது மங்கிக் கிடப்பதைக் கண்டு திகைத்தார். தொடர்ந்து கவனித்து, 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை அது மங்குகிறது என்று நிறுவினார். இருண்ட துணை ஒன்று குறுக்கே வருவது காரணமாக இருக்கலாம் என்றும் எழுதினார். ஊகம் சரிதான் என்பது நூறாண்டு கழித்து உறுதியானது. குட்ரிக் 21 வயதிலேயே இறந்துவிட்டார்.

அல்கால் மங்குவதைப் பார்க்கக் கருவியே தேவையில்லை. வழக்கமாக அது, பக்கத்திலுள்ள அல்மாக் நட்சத்திரத்தின் அளவுக்குப் பிரகாசிக்கும், அதாவது பிரகாச அளவுகோலில் 2.1. ஐந்து மணி நேரத்தில் 3.4க்கு இறங்கி, அடுத்த ஐந்து மணி நேரத்தில் மீண்டுவிடும். 2.1க்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளிதான் 3.4. எண் ஏற ஏற ஒளி குறையும் இந்த அளவுகோலை, ஐந்து படிக்கு நூறு மடங்கு என்று 1856இல் வரையறுத்தவர் அதே போக்சன்தான். குட்ரிக்கின் கணக்கைச் சுருக்கினால், அல்காலின் மங்கல் மூன்று நாளைக்கு 3 மணி 11 நிமிடம் முந்தி வரும் என்று ஆகிறது. இன்று நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு அல்கால் மங்கி, அப்போது மழை பிடித்துக்கொண்டால், மூன்றாம் நாள் இரவு 9.49க்குப் பார்க்கலாம். அன்றும் மேகமென்றால், அடுத்த வாய்ப்பு மேலும் மூன்று நாள் கழித்து மாலை 6.38க்கு, வடகிழக்கில், தென்னை மறைக்காத மாடியிலிருந்து.