வழியனுப்பும் முன்பே...

வரிக்குதிரைகள் தபால் சுமக்கும் என்றால் நம்புவீர்களா? பொறியியல் முடித்த என் மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

2004-ல் கென்யாவில், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் வரிக்குதிரைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டினார்கள். அங்கே செல்போன் டவர் இல்லை. இரண்டு குதிரைகள் அருகருகே வந்தால், பட்டைகள் தாம் சேர்த்த தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும். ஒன்றை நெருங்கினாலே பலவற்றின் பயணம் தெரிந்துவிடும்.

இத்தகைய குட்டி உணர்கருவிகளுக்காகவே கலிபோர்னியாவின் பெர்க்லியில் உருவான கணினி மொழி 'நெஸ்சி'. அவற்றில் சில, வெறும் 4 கிலோபைட் நினைவகத்திலும் இரண்டு பென்சில் பேட்டரியிலும் ஓடுபவை. அதனால், நடுவழியில் கூடுதல் நினைவகம் கேட்க இந்த மொழியில் வழியில்லை. தேவையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே தகவலில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் கைவைக்கும் ஆபத்தையும், கருவியில் ஏற்றும் முன்பே எச்சரித்துவிடும். காட்டுக்குள் போனபின் ஓடிப்போய்த் திருத்த முடியுமா?

அடுத்த மாதம் மகள் வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள். போனபின் தினமும் போனில் புத்தி சொல்வதைவிட, அவசியமான நாலு விஷயத்தை இப்போதே சொல்லி அனுப்பப் போகிறேன். மற்றதை அவளும் தோழிகளும் பரிமாறிக்கொள்வார்கள்.