மேல்மண்ணை எங்கே கொட்டட்டும்?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் சித்திரை, வைகாசி மாதங்களில் காலை ஆறு மணிக்கே ஜே.சி.பி. சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பண்ணைக்குட்டை வெட்டுவது, வரப்பு உயர்த்துவது, ஓடை தூர்வாருவது எல்லாம் மழைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். கரிசல் நனைந்துவிட்டால் பக்கெட்டில் அப்பிக்கொள்ளும், உதறினாலும் விழாது. சக்கரமும் இறங்கிவிடும்.

அந்த வட்டாரத்தில் பதினைந்து வருடங்களாக வண்டி ஓட்டும் ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார். வேலைக்கு வந்து இறங்கியதும், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே நிலத்துக்காரரிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, மேல்மண்ணை எங்கே கொட்டட்டும்?"

பலருக்கு இந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கும். "மண்ணு மண்ணுதானே, வெட்டிப் பக்கத்துல போடுப்பா. மணி ஓடுதுல்ல" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வாடகை மணிக்கணக்கு. வண்டிக்குள் இருக்கும் மீட்டர் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் விவசாயியின் காசு. வண்டி முதலாளிக்கு மணி கூடினால் லாபம். நிலத்துக்காரருக்குக் குறைந்தால் லாபம். நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்கு மாதச் சம்பளமும் அன்றன்றைய பேட்டாவும்தான். மணி கூடினாலும் குறைந்தாலும் அவர் கைக்கு வருவது அதேதான்.

பத்தாவது முடித்ததும் ஹெல்பராக வண்டி ஏறியவர் அவர். தினமும் காலையில் ஒவ்வொரு பின்னுக்கும் கிரீஸ் அடிப்பதும் டீசல் கேன் தூக்குவதும்தான் முதலில் வேலை. மதியம் ஆபரேட்டர் மரத்தடியில் கண்ணயரும் நேரத்தில் லீவரைப் பிடித்துப் பழகினார். கை பழகினால் மண் மாறுவது லீவரிலேயே தெரியும் என்பார். கரிசல் மெத்தென்று வரும். இரண்டு மூன்று அடி இறங்கியதும் பக்கெட் பல்லில் கரகரவென்று சத்தம் கேட்டால் சுக்கான் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தச் சத்தத்தை அவர் கேட்டும் கேட்காததுபோல் இருந்த ஒரு நாள் உண்டு. சொந்தச் சித்தப்பாவின் மூன்று ஏக்கரில் குட்டை வெட்டிய நாள் அது. ஐம்பதுக்கு ஐம்பது அடி, ஐந்தடி ஆழம். கரையை அடிக்கு அடி சரிவாக எடுத்தால் மூன்று லட்சம் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் நிற்கும். மானாவாரி உளுந்துக்குப் பூக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் கொடுக்க அது பெரிய கைகாசு. அன்று சாயங்காலமே வண்டி வேறு ஊருக்குப் போக வேண்டும். சித்தப்பாவுக்கும் வாடகை கூடிவிடக் கூடாது. வெட்டிய மண்ணைப் பள்ளமாகக் கிடந்த அரை ஏக்கரில் வாரிப்போட்டு நிரவிவிட்டார். ஒரே நாளில் வேலை முடிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மேலே இருந்த கரிசல் முதலில் போய் அடியில் விழுந்தது. கடைசியில் வந்த சுக்கான் எல்லாவற்றுக்கும் மேலே பரவியது. நிலம் தலைகீழாகிவிட்டது.

புரட்டாசியில் விதைத்த உளுந்து அந்த அரை ஏக்கரில் மட்டும் மஞ்சளாக நின்றது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் மஞ்சள் தேமல் என்று சொல்ல, சித்தப்பா வெள்ளை ஈக்கு மருந்து வாங்கி அடித்தார். ஆனால் தேமல் அங்கொரு செடி இங்கொரு செடியாகத் தொடங்கும். இலையில் திட்டுத் திட்டாக இருக்கும். இங்கே மண் பரப்பிய எல்லைக்கோடு வரைக்கும் கயிறு பிடித்தாற்போல் மஞ்சள், அதற்கு அப்பால் பச்சை. கொழுந்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் வெளிறியும் இருந்தது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் பயிரால் எடுத்துக்கொள்ள முடியாது. இரும்பு சல்பேட் கரைசல் தெளித்ததும் இலை கொஞ்சம் பச்சை பிடித்தது. அடுத்து வந்த கொழுந்து மறுபடியும் மஞ்சள்தான்.

சித்தப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்திதான் பொங்கலுக்குப் போனபோது, "ரெண்டு மணி நேர வாடகைய மிச்சம் பிடிச்சோம்லே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு அவரைத் தூங்க விடவில்லை.

இரண்டு மகசூல் அப்படியே போனது. அடுத்த கோடையில் முதலாளியிடம் கேட்டு வண்டியைக் கொண்டுபோய், பரப்பிய சுக்கானைச் சுரண்டிக் குட்டைக் கரையில் ஏற்றினார். அன்று மிச்சம் பிடித்ததைப் போல இருமடங்கு நேரம் ஆனது. பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக் கண்மாய் வண்டல் அடித்தார்கள். டிராக்டர் வாடகையில் பாதி அவருடைய பேட்டாவில் போனது. இப்போது அங்கே உளுந்து வருகிறது. மற்ற பகுதியைப் போல இல்லை, ஆனால் வருகிறது.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி. முதல் ஓர் அடி மண்ணை வழித்துத் தனியாகக் குவிப்பார். சுக்கானைக் கரைக்கு மட்டும்தான் போடுவார். அதையும் குட்டை விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளித்தான் போடுவார். ஒட்டிப் போட்டால் முதல் மழையிலேயே உள்ளே சரிந்துவிடும். கடைசியில் மேல்மண்ணை நிலத்தின் மேலேயே திரும்பப் பரப்புவார். ஏழு எட்டு டன் எடையுள்ள வண்டி காடு முழுக்க உருண்டால் அடிமண் இறுகிப்போகும். அதனால் போகவும் வரவும் ஒரே தடம்தான். அந்தத் தடத்தை மட்டும் உளிக்கலப்பையால் உழுதுவிடச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்.

கண்டிப்பு மண்ணோடு நிற்பதில்லை. மழைக்குப் பின் கிணற்று விளிம்புக்கு வண்டியைக் கொண்டுபோக மறுத்து, முதலாளியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். மின்கம்பி தாழ்வாகத் தொங்கினால் லைன்மேன் வரும்வரை கையைத் தூக்க மாட்டார். நாள் முழுக்க அதிர்வில் உட்கார்ந்து இடுப்பு வலி நிரந்தரமாகிவிட்டது. அவருடைய சொந்த இரண்டு ஏக்கர் சில வருடங்கள் தரிசாகவே கிடக்கிறது. ஊரெல்லாம் நிலம் திருத்தும் காலத்தில் அவருக்கு அங்கே போக நேரம் ஏது?

போன வைகாசியில் எட்டயபுரம் பக்கம் ஒரு குட்டை வேலை. நிலத்துக்காரர் ஒரு பெண்மணி. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வழக்கம்போல, "அக்கா, மேல்மண்ணை..." என்று ஆரம்பித்தார். காட்டின் மேற்கு ஓரத்தில் நான்கு மூலைக்கும் கல் நட்டு, சாம்பலால் கோடு போட்டிருந்தது.

"அந்தக் கோட்டுக்குள்ள கொட்டு தம்பி. உங்க சித்தி ஊர்லதான் என் மகளைக் கொடுத்திருக்கு" என்றார் அவர்.

ஒன்பது மணி நேரம் ஆனது. அதில் இரண்டு மணி நேரம் மேல்மண்ணுக்கு மட்டும். அந்த அம்மா மீட்டரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிளம்பும்போது பேட்டாவோடு ஒரு சின்னப் பையில் குதிரைவாலி அரிசியும் கொடுத்துவிட்டார்.