பிடி அரிசியும் ப்ளவ் லேனும்

விருதுநகரில் கே.வி.எஸ். பள்ளிக்கு வழி கேட்டால் சொல்லத் தெரியாதவர் இருக்கமாட்டார். சத்திரிய வித்யாசாலா என்பது முழுப்பெயர். 1889-ல் தொடங்கியது. ஊருக்கு அப்போது விருதுபட்டி என்று பெயர். காமராஜர் படித்த பள்ளி என்பதால் வெளியூர்க்காரர்களும் தேடி வருகிறார்கள். அந்தப் பள்ளிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதை அரசாங்கம் கட்டவில்லை, ஜமீன் கட்டவில்லை, மிஷனும் கட்டவில்லை. கடைக்காரர்கள் வியாபாரத்தில் எடுத்து வைத்த மகமையும், வீட்டுப் பெண்கள் உலையில் போடுமுன் ஒதுக்கி வைத்த பிடி அரிசியும் சேர்ந்து கட்டின.

அதே 1889-ல் தென்மேற்கு லண்டனில், விம்பிள்டன் என்ற இடத்தில், சென்ட்ரல் ஸ்கூல் என்ற பள்ளியின் பழைய மாணவர்கள் ஊர்ப் பொதுவெளியில் பந்தாட ஒரு சங்கம் வைத்தார்கள். விம்பிள்டன் ஓல்டு சென்ட்ரல்ஸ் என்பது அதன் பெயர். கல்கத்தாவில் மோகன் பகான் பிறந்ததும் அதே ஆண்டில்தான். ஆண்டு ஒத்துப்போனது தற்செயல். அதில் பொருள் தேட வேண்டியதில்லை. ஆனால் விருதுநகர்ப் பள்ளியின் கதையையும் விம்பிள்டன் அணியின் கதையையும் சேர்த்துப் படித்தால், ஒரு கட்டடம் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கிறது.

விம்பிள்டன் அணி 1912-ல் ப்ளவ் லேன் என்ற தெருவோரம், யாரும் சீந்தாத சதுப்பு நிலத்தில் தனக்கென்று மைதானம் அமைத்துக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது பெரிய லீக்குகளுக்கு வெளியே ஆடிய அணி. பகலில் வேலை, மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம் என்று இருந்தவர்கள். 1963-ல் அமெச்சூர் கோப்பையை வென்றபோது எடி ரெனால்ட்ஸ் என்பவர் நான்கு கோல்களையும் தலையால் முட்டியே போட்டார். 1977-ல்தான் கால்பந்து லீக்கில் இடம் கிடைத்தது. ஒன்பதே ஆண்டில் முதல் டிவிஷன். 1988 மே 14-ல் வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், எதிரே லிவர்பூல். லாரி சான்செஸ் தலையால் அடித்த ஒரே கோலில் வெற்றி. ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியைக் கோல்கீப்பர் டேவ் பீசன்ட் தடுத்தார். அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. உதிரி அணி என்று இளக்காரமாகப் பேசப்பட்டவர்கள் இங்கிலாந்தின் பழம்பெரும் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள்.

மறு ஆண்டே காலம் மாறியது. 1989 ஏப்ரலில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல் ஏற்பட்டது; அதற்குப் பலியானவர்கள் 97 பேர். அதன்பின் வந்த டெய்லர் அறிக்கை, பெரிய அணிகளின் மைதானங்களில் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்றது. நின்று பார்க்கும் மேடைகளைக் கொண்ட ப்ளவ் லேன் அதற்குத் தோதுப்படாது என்று முதலாளி முடிவு செய்தார். 1991-ல் அணி கிரிஸ்டல் பேலஸ் அணியின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு ஒண்டுக்குடித்தனம் போனது. அணி கை மாறியது. மைதானம் தனியாக ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. புல் வளர்ந்து, மேடைகள் சிதைந்து, பாழாய்க் கிடந்த அதை 2002-ல் இடித்தார்கள்.

அதே 2002-ன் மே 28-ல் இன்னொரு இடி. அணியை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் என்ற புதுநகரத்துக்குக் கொண்டுபோக மூவர் குழு அனுமதி கொடுத்தது. இருவர் சரி என்றனர், ஒருவர் கூடாது என்றார். விருதுநகரிலிருந்து மதுரைக்கு உள்ள தூரத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு அது. நூறாண்டுக்கு மேலாக ஊரின் பெயரைத் தாங்கிய அணியை, ஊரைக் கேட்காமல் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று எழுத்துமூலம் தீர்ப்பு வந்துவிட்டது. காகிதத்தில் முதலாளிக்குச் சொந்தம் என்றால் சட்டம் அப்படித்தான் சொல்லும்.

ரசிகர்கள் அழுதுவிட்டுக் கலைந்துபோயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. தங்களுக்கென்று ஒரு புது அணியைத் தொடங்கினார்கள்: ஏ.எஃப்.சி. விம்பிள்டன். ஆட்டக்காரர்கள் யாருமில்லை. 1889-ல் முன்னோர் பந்தாடிய அதே விம்பிள்டன் பொதுவெளியில் ஜூன் 29-ல் தேர்வு வைத்தார்கள். ஆட வந்தவர்கள் சுமார் 230 பேர். அடுத்த மாதம் சட்டன் யுனைடெட் அணியோடு முதல் ஆட்டம். நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள்; பார்க்க வந்தவர்களோ 4657 பேர். அவர்களைச் சேர்த்துக்கொண்ட கம்பைண்டு கவுண்டீஸ் லீக் பெரிய லீக்குகளுக்கு வெகு கீழே இருந்தது. அங்கே ஓர் ஆட்டத்துக்கு நூறு பேர் வந்தாலே கூட்டம். இவர்களுக்கு 3000 பேர் வந்தார்கள்.

அணியின் பெரும்பான்மை உடைமை டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் சங்கத்திடம் இருக்கிறது. சந்தா கட்டியவர் எல்லாரும் உறுப்பினர். ஒருவர் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஒரே ஓட்டு. நிர்வாகக் குழுவை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எரிக் சாமுவேல்சன் என்ற ஓய்வுபெற்ற கணக்காளர் நெடுநாள் தலைமை நிர்வாகியாக உழைத்தார். அவர் வாங்கிய சம்பளம் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது ஒரு பவுண்டுக்குச் சற்று மேல். ஒன்பதே ஆண்டில் ஐந்து படி ஏறி, 2011 மே 21-ல் மான்செஸ்டரில் லூட்டன் டவுனைப் பெனால்டியில் வென்று, கால்பந்து லீக்கில் மீண்டும் கால் வைத்தார்கள்.

2007-ல் மில்டன் கீன்ஸ் அணி பழைய விம்பிள்டனின் கோப்பைகளையும் நினைவுப் பொருட்களையும் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்தது. 1988 கோப்பை யாருடைய வரலாறு என்ற வாதத்தில் ஊரே வென்றது. 2020 நவம்பர் 3-ல் ப்ளவ் லேனிலேயே, பழைய மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில், நாய்ப்பந்தய மைதானம் இருந்த இடத்தில் புது மைதானம் திறந்தது. கட்டி முடிக்கப் பணம் போதாமல் வெளி முதலீட்டாளருக்குப் பங்கை விற்கலாமா என்ற பேச்சு வந்தபோது, ரசிகர்கள் கடன் பத்திரம் வெளியிட்டு 50 லட்சம் பவுண்டுக்கு மேல் தாங்களே திரட்டினார்கள். கொரோனா காலம் என்பதால் பணம் போட்டவர்கள் முதல் ஆட்டத்துக்கு உள்ளே போக முடியவில்லை. பழைய மைதானம் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அந்தக் குடியிருப்புக்கு எடி ரெனால்ட்ஸின் பெயர்.

இப்போது விருதுபட்டிக்கு வருவோம். மதுரை–தூத்துக்குடி ரயில் பாதையில் அமைந்த இந்தச் சந்தையூரில் பருத்தி, மிளகாய், பருப்பு, எண்ணெய் என்று சரக்கு வந்து இறங்கியது. நாடார் உறவின்முறை என்ற சாதிச் சங்கம் அந்தச் சரக்கின் மேல் மகமை வைத்தது. பொறுப்பு முறைவைத்து மாறியது. வரவு செலவு கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. சாதியின் பேரால் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மக்கள் அவர்கள். 1897-ல் கமுதிக் கோயில் நுழைவு வழக்கு. 1899 ஜூனில் சிவகாசிக் கலவரம். பிறர் வாசலில் காத்துநிற்பதைவிட சொந்த வாசல் ஒன்றைக் கட்டிக்கொள்வோம் என்ற முடிவை, சிவகாசி எரிவதற்குப் பத்தாண்டு முன்பே அவர்கள் எடுத்துவிட்டார்கள். பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கலாம் என்று வைத்தார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

அந்தப் பள்ளி நாட்களைப் பற்றிக் காமராஜர் வரலாற்றில் ஒரு கதை சொல்வார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே அளவு காசு வாங்கினார்கள். பிரசாதம் கொடுத்தபோது முண்டியடித்தவர்களுக்கு நிறையக் கிடைத்தது. ஒதுங்கி நின்ற சிறுவனுக்குக் கொஞ்சம்தான். ஏன் இவ்வளவுதான் என்று பாட்டி கேட்டதற்கு, எல்லாரிடமும் சமமாக வாங்கியவர்கள் சமமாகக் கொடுத்திருக்க வேண்டாமா என்று பேரன் திருப்பிக் கேட்டானாம். நடந்ததோ இல்லையோ, பிடி அரிசியில் நடந்த பள்ளிக்குப் பொருந்திய கதை. எல்லா வீட்டுப் பிடியும் ஒரே அளவுதான் என்பதே அதன் அடிப்படை. டான்ஸ் டிரஸ்டின் ஒரு ஆள் ஒரு ஓட்டும் அந்தக் கணக்குதான்.

ஆனால் இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. விம்பிள்டனில் சந்தா கட்டும் எவரும் உறுப்பினர் ஆகலாம். உறவின்முறையில் பிறப்பால்தான் இடம். பள்ளி எல்லாருக்கும் திறந்திருந்தது. நிர்வாகம் ஒரு சாதியின் கையில் இருந்தது. அதைவிட உறுத்துவது இன்னொன்று. தினமும் அரிசியை எடுத்து வைத்தது பெண்களின் கை. உறவின்முறைக் கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் ஆண்கள். பள்ளியைக் கட்டியவர்கள் பட்டியல் எழுதினால், பெயர் இல்லாத அந்தப் பெண்களைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பேன்.

மோகன் பகானின் கதை நமக்கு இன்னும் பக்கத்து எச்சரிக்கை. உறுப்பினர்களால் நடந்த சங்கம். 1911 ஜூலை 29-ல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்டை வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கிய சங்கம். 2020-ல் அதன் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதம் ஒரு தொழில் குழுமத்துக்குப் போனது. ஏ.டி.கே. என்ற வேற்றுப் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் போராடி, 2023-ல் அதை நீக்க வைத்தார்கள். பெயர் திரும்பியது, பங்கு திரும்பவில்லை.

கட்டடம் போனாலும் கணக்கும் உறுப்பினரும் இருந்தால் மீட்டுவிடலாம் என்பதற்கு ப்ளவ் லேன் சாட்சி. நம் பக்கத்தில் கட்டடம் நிற்கிறது. அதை எழுப்பிய கணக்குகளைத்தான் நாம் கவனிக்க மறந்துவிட்டோம். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி என்று மகமை வைத்திருந்த ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். தாத்தா கடையின் பரணில் பழைய பேரேடோ மகமைச் சிட்டையோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். மூலத்தை ஊர்ப் பள்ளி நூலகத்தில் ஒப்படையுங்கள். பிடி அரிசி எடுத்து வைத்ததைக் கண்ட பாட்டிமார் வீட்டில் இருந்தால், பெயரோடும் தெருவோடும் அவர்கள் சொல்வதை இந்த ஆண்டே பதிந்துவிடுங்கள்.