பெயர்த்தெடுத்த பலகை

அம்மா இறந்த வருஷத்தில் தம்பியும் நானும் பேசிக்கொண்டதைவிட ஆடியது அதிகம். ஒட்டுப்பலகையில் நாங்களே ஓர் ஆர்கேட் கேபினட் செய்தோம். காசு போட்டு, நின்றபடி ஆடும் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டிதான். உள்ளே மட்டும் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர். ஆள் உயரம். கூடத்தில் வைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது, மாடிப்படித் திருப்பத்தில் அது இறங்காது என்று. அப்போது அது குறையாகப் படவில்லை. பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்காமலே பத்து வருஷம் ஒரே ஊரில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். இந்த வருஷம் விண்ணப்பித்துவிட்டேன். மாற்றல் வரும்.

"பெட்டியத் தூக்கிட்டுப் போக முடியாதுண்ணா. பலகையையாவது கழட்டற மாதிரி பண்ணிடலாம்" என்றான் தம்பி.

பலகை என்பது ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பதித்த முன்பாகம். பழைய விளையாட்டுகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பலகையோடு பிறந்தவை. 1979-இல் வந்த 'ஆஸ்டெராய்ட்ஸ்' ஆட ஜாய்ஸ்டிக்கே கிடையாது, ஐந்து பட்டன்கள். 1980-இன் 'பாக்-மே'னில் நான்கு திசை மட்டும் போகும் ஒரே ஜாய்ஸ்டிக். 1982-இன் 'ரோபோட்ரா'னில் இரண்டு. ஒன்று நகர, மற்றது சுட. 1991-இன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'வில் ஆளுக்கு எட்டுத் திசையும் ஆறு பட்டன்களும். இவை வெறும் அலங்கார வித்தியாசங்களல்ல. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் பாக்-மேன் ஆடினால் கை குறுக்கே சரிந்து, மூலையில் திருப்பம் தவறும். என் முதல் வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. அதனாலேயே அது எந்த விளையாட்டுக்கும் பலகையாக இல்லை. எல்லாரையும் திருப்திப்படுத்தும் தொகுப்பு முன்னுரை மாதிரி இருந்தது.

கிழித்துப்போட்டு, ஆளுக்கொரு பெட்டி என்று வைத்துக்கொண்டோம். ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன்கள், ஒரே ஒயர். ஜாய்ஸ்டிக்கின் அடியிலுள்ள தடுப்புத் தகட்டைத் திருப்பினால் எட்டுத் திசை நாலாகும். மேல்தட்டுக்கு 18 மி.மீ. பலகையை அப்படியே போட்டால் ஜாய்ஸ்டிக்கின் தண்டு அந்தத் தடிமனில் புதைந்து குட்டையாகிவிடும். அடியில் குடைந்து மெலிதாக்கினோம். பட்டன்களுக்கு 30 மி.மீ. துளைகள். கேபினட்டோடு பிணைக்கப் பக்கத்துக்கொரு கொக்கி.

கேபினட்டில் பூட்டியிருந்தவரை ஒரு குறையுமில்லை. கழற்றி மேசைமேல் வைத்து ஆடினால் கையோடு பெட்டியும் நகர்ந்தது. இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் ஓடியது. பட்டனைத் தட்டினால் தகரடப்பா மாதிரிச் சத்தம். இத்தனை நாள் என் கைவேகத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது பலகையல்ல, பின்னாலிருந்த கேபினட்டின் கனம்.

யாப்பைக் கழற்றியதுமே கவிதை விடுதலையாகிவிடுகிறது என்று சில வருஷங்களுக்கு முன் நான் எழுதியதுண்டு. யாப்பு பூட்டுகிறது என்பதை மட்டும் பார்த்தேன். தாங்கிக்கொண்டும் இருந்தது என்பதைப் பார்க்கவில்லை. மறுபடி பூட்டிவிடு என்று சொல்கிற பண்டிதரோடு இன்றும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கழற்றிக்கொண்டு வருகிறவன், பின்னாலிருந்து கிடைத்த கனத்தைத் தன் பெட்டிக்குள்ளேயே வைத்தாக வேண்டும். இப்போது வருகிற கவிதைகளில் பல, கையை வைத்ததும் நகர்ந்துவிடுகின்றன. அவற்றைத் தாராளமாகப் பாராட்டியவர்களில் நானும் ஒருவன்.

அடியில் இரும்புத் தகடு வைத்து, நான்கு மூலையிலும் ரப்பர் ஒட்டினோம். பெட்டி நின்றது.

"தூக்கிட்டுப் போகத்தானேண்ணா செஞ்சோம்? இப்ப தூக்கவே கனக்குது" என்றான்.

ஒரு பெட்டி எனக்கு, ஒன்று அவனுக்கு. சேர்ந்து ஆட இரண்டும் வேண்டும் என்பதை இருவரும் சொல்லவில்லை. உத்தரவு இன்னும் வரவில்லை. இரண்டும் கேபினட்டில்தான் இருக்கின்றன. கொக்கியை மாட்டுவதில்லை.