பந்தியில் இருந்தவனும் பரிமாறினவனும்



2024-ஆம் ஆண்டு கோடைகாலத்தில், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவின் நியூயார்க் நகரத்திற்கு, அட்லாண்டிக் சமுத்திரத்தின் வழியாய் ஏழு இரவுகள் கப்பற்பிரயாணம் செய்யும் வாய்ப்பு எனக்கும் என் மனைவிக்கும் கிடைத்தது. இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரியும் எங்கள் மகள், நியூஜெர்சியில் இருக்கும் தன் தம்பியின் வீட்டிற்கு நாங்கள் செல்லவிருப்பதை அறிந்து, எங்கள் திருமணத்தின் முப்பதாம் ஆண்டு வெகுமதியாக, விமானத்திற்குப் பதிலாகக் கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டாள். உடனே மகிழ்ந்தேன் என்று சொல்லமாட்டேன். முதலில் மறுத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஒரு பழைய பிரசங்கம்

எங்கள் சபை நெய்யாற்றின்கரை தாலுகாவில், அமரவிளைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லைகள் மாற்றி வகுக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ஆகையால் எங்கள் ஜனங்கள் கடைத்தெருவில் மலையாளமும் ஜெபத்தில் தமிழும் பேசுகிறவர்கள். பிழைப்பைத் தேடிச் சென்னை, பெங்களூரு, மும்பை, வளைகுடா நாடுகள் என்று எங்கும் போகத் தயங்காதவர்கள்.

2018-ஆம் ஆண்டு, எங்கள் சபையின் வாலிபன் ஒருவனுக்கு உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையற்கட்டு வேலை கிடைத்தது. முந்திரி ஆலையில் வேலை செய்து அவனைப் படிக்கவைத்த தாயார், கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டியிருந்தார்கள். புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவனை முன்னே அழைத்துவந்து, கைகளை வைத்து ஜெபித்து அனுப்பும்படி என்னிடம் கேட்டார்கள். நான் ஜெபிக்கவில்லை. மதுவும் சூதாட்டமும் நடனமும் நிறைந்த மிதக்கும் பாபிலோனுக்கு ஒரு விசுவாசி எப்படி வேலைக்குப் போகலாம் என்று பிரசங்கபீடத்திலிருந்தே கேட்டேன். சபை ஆமென் சொன்னது. தாயார் தலைகுனிந்து தம் இடத்திற்குத் திரும்பினார்கள். வாலிபன் போய்விட்டான். அதன்பின் மாதந்தோறும் அவன் அனுப்பிய தசமபாகத்தைத் தாயார் காணிக்கைப் பெட்டியில் போட்டார்கள். அதை வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை.

இப்படிப் பேசினவன் உல்லாசக் கப்பலில் பிரயாணியாக ஏறுவது எப்படி? "அப்பா, நீங்கள் போவது தம்பி வீட்டிற்கு, சூதாட்டத்திற்கு அல்ல" என்றாள் மகள். என் மனைவியும் கடலைப் பார்க்க ஆசைப்பட்டாள். ஏறினேன்.

மிதக்கும் நகரம்

நாங்கள் பிரயாணம் செய்த 'குயின் மேரி 2' பிரான்சு தேசத்தின் சேன் நசேர் என்னும் ஊரில் கட்டப்பட்டு, 2004 ஜனவரியில் தன் முதற்பிரயாணத்தைத் தொடங்கிய கப்பல். நீளம் 345 மீட்டர். ஏறக்குறைய 2,700 பிரயாணிகளுக்கு இடமுண்டு. அவர்களுக்குப் பணிவிடை செய்ய 1,200-க்கும் மேற்பட்ட ஊழியர்கள். பெரிய நூலகம், நாடக அரங்கு, வான்கோளரங்கம் எல்லாம் இருக்கின்றன. நாய்களோடு பிரயாணம் செய்வோருக்காக நாய்க்கூடங்களும், அவற்றைக் கவனிக்க ஆளும் உண்டு. பிற்பகலில் வெள்ளைக் கையுறை அணிந்த பணியாளர்கள் தேநீர் பரிமாற, வாத்தியக்காரர் இசைப்பார்கள்.

மேற்கு நோக்கிச் செல்லுகையில், ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கச் சொல்லுகிறார்கள். அந்நாட்களுக்கு இருபத்தைந்து மணி நேரம்! விமானத்தில் போனால் உடலைக் குழப்புகிற அந்த நேர வித்தியாசத்தைக் கப்பல் சிறிது சிறிதாகப் பழக்கிவிடுகிறது. அதிகாலையில் எழுந்து, நாற்புறமும் தண்ணீரேயன்றி வேறொன்றும் காணாத மேல்தளத்தில் நின்று தேவனைத் துதித்தபோது, ஆழியின் அதிசயங்களைக் குறித்த 107-ஆம் சங்கீதத்தை முதன்முறையாக விளங்கிக்கொண்டதுபோல் உணர்ந்தேன். இவ்வளவு பெரிய கப்பலும் அந்தச் சமுத்திரத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டைதான்.

எனினும் என் உள்ளம் நிம்மதியாயிருக்கவில்லை. அறைக்கு எவ்வளவு பணம் கொடுத்தோமோ அதற்கேற்பவே உணவுக்கூடமும் அமைகிறது. உயர்ந்த வகுப்பாருக்குத் தனிக்கூடம். சூதாட்டக்கூடத்தின் இயந்திரங்கள் மினுமினுத்துக்கொண்டிருந்தன. ஒரு வேளைக்கு எத்தனை வகை உணவு! எங்கள் ஊரில் நான்கு குடும்பங்கள் கூடி உண்ணக்கூடியதை, பசியில்லாமலே சுவைத்துப்பார்த்து மிச்சம் வைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். மூன்றாம் நாளில் என் பார்வையில் குற்றவாளிகள் எல்லாரும் மற்றப் பிரயாணிகள்தான். அன்றுதான் கர்த்தர் என் விரலை என் பக்கமாகத் திருப்பினார்.

ஊறுகாய் கொண்டுவந்த தம்பி

அது ஞாயிற்றுக்கிழமை. காலையில் கப்பல் தலைவர் தாமே முன்னின்று நடத்தும் பொது ஆராதனையில் கலந்துகொண்டோம். எங்களைச் சுற்றிலும் அமர்ந்திருந்தவர்கள் பிரயாணிகளே. மதிய உணவின்போது, "உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை" என்று என் மனைவி மெதுவாகத் தமிழில் சொன்னாள். தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த வாலிபன் சட்டென்று நின்றான்.

"அம்மா, எலுமிச்சங்காய் ஊறுகாய் இருக்கு. கொண்டு வரட்டுமா?"

அவன் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவன். நான் ஊழியக்காரன் என்று அறிந்ததும் அவன் கண்கள் கலங்கின. இந்த ஒப்பந்தத்தில் அவன் ஊரைவிட்டு வந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

"இன்றைக்கு ஆராதனைக்கு வர முடிந்ததா, தம்பி?" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமைதான் ஐயா எங்களுக்கு வேலை கூடுதல். ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு மேல, வேலை முடிஞ்சு நாங்க பத்துப் பன்னிரண்டு பேர் கீழே கூடி ஜெபிப்போம். பிலிப்பைன்ஸ்காரங்க, கோவாக்காரங்க, ஒரு ஆப்பிரிக்க அண்ணன். யாராவது ஒருத்தர் வசனம் சொல்லுவோம். பாஸ்டர்னு யாரும் கிடையாது."

நானும் வரலாமா என்று கேட்டேன். அவன் தயங்கினான். பணியாளர்கள் தங்கும் கீழ்த்தளங்களுக்குப் பிரயாணிகள் போகக்கூடாது என்பது விதி. "நீங்க மேலேயிருந்து எங்களுக்காக ஜெபியுங்க ஐயா" என்றான். பின்பு சற்றுத் தாழ்ந்த குரலில், "ஊருக்குப் போனா சபையில எல்லாரும் என்ன சம்பளம்னு கேக்குறாங்க. எப்படி ஜெபிக்கிறேன்னு யாரும் கேட்டதில்ல" என்றும் சொல்லி, தட்டுகளோடு விரைந்து போய்விட்டான்.

அன்றிரவு பதினொரு மணிக்குக் குளிர்காற்றில் மேல்தளத்தில் நின்றேன். என் கால்களுக்குக் கீழே எங்கோ ஒரு சிறிய சபை கூடியிருந்தது. முப்பது ஆண்டு ஊழியமும் வேதாகமக் கல்லூரிப் பட்டமும் உடைய நான் அதற்கு வெளியே நின்றேன். மிதக்கும் பாபிலோன் என்று நான் சொன்ன இடத்தின் அடித்தளத்தில் தேவனுக்கு ஜனங்கள் இருந்தார்கள். பந்தியிருக்கிறவன் பெரியவனோ, பணிவிடை செய்கிறவன் பெரியவனோ என்று ஆண்டவர் தம் சீஷரிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. சமையற்கட்டில் உழைக்கப்போன பிள்ளைக்கு ஜெபிக்க மறுத்தவன், அதைப் போன்றதொரு சமையற்கட்டின் உணவை மேலே அமர்ந்து உண்டுகொண்டிருந்தேன்.

நெகேமியாவை நினைத்தேன். அவன் அந்நிய ராஜாவுக்குத் திராட்சரசம் எடுத்துக்கொடுக்கிற பானபாத்திரக்காரன். எருசலேமின் அலங்கத்திற்காக அழுது உபவாசித்தவனும் அவனே. ஆகாபின் அரமனை விசாரிப்புக்காரனாகிய ஒபதியாவும், பாபிலோன் அரசவையில் தானியேலும் அப்படியே. இவர்களில் ஒருவனும் என் சபையில் ஜெபத்திற்காக முன்னே வந்திருந்தால், நான் என்ன சொல்லியிருப்பேன்?

மூடுபனியில் ஒரு நினைவு

பிரயாணத்தின் பிற்பகுதியில், நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடும் மூடுபனி சூழ்ந்தது. இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை கப்பலின் ஊதுகொம்பு முழங்கியது. 1912 ஏப்ரல் 15-ஆம் தேதி 'டைட்டானிக்' மூழ்கியது இந்தக் கடற்பகுதியில்தான். மாண்ட 1,500-க்கும் மேற்பட்டோரில் ஏறக்குறைய 700 பேர் கப்பல் பணியாளர்கள். நாங்கள் புறப்பட்ட சவுத்தாம்ப்டன் நகரில் மட்டும் 500-க்கும் அதிகமான வீடுகளில் அழுகுரல் எழுந்தது. அந்தச் செல்வந்தப் பிரயாணிகளின் பெயர்களை உலகம் அறியும். அடுப்பில் கரி தள்ளினவர்களின் பெயர்களை அவர்களுடைய தாய்மார்களே அறிந்திருந்தார்கள்.

இவ்விஷயத்தில் நம்முடைய சபைகளும் வேறுபட்டவை அல்ல. 1806-ல் மயிலாடிக்கு வந்து தென்திருவிதாங்கூரில் சுவிசேஷம் அறிவித்த ரிங்கல்தௌபேயை நன்றியோடு நினைக்கிறோம். எங்கள் பாறசாலையில் ஊழியம் செய்து, தம் 22 ஆண்டு அனுபவங்களை 1870-ல் நூலாக வெளியிட்ட லண்டன் மிஷன் ஊழியர் ஜான் ஆப்ஸையும் மறக்கவில்லை. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்படுமுன், அப்படிப்பட்டவர்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதங்கள் பாய்க்கப்பலில் வரவேண்டியிருந்தது. அந்தக் கப்பல்களின் பாய்மரங்களில் ஏறினவர்கள் யார்? அவர்களுக்கு உணவு சமைத்தவர்கள் யார்? நமது சபை வரலாறுகளில் அவர்களில் ஒருவருடைய பெயரையும் நான் கண்டதில்லை.

அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தில் பவுல் ஏறின கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். அவர்களில் கப்பலாட்களும் சேவகரும் காவலில் இருந்தவர்களும் இருந்தார்கள். பவுல் அவர்களைப் பாபிலோன் என்று தள்ளவில்லை. எல்லார் முன்பாகவும் அப்பத்தை எடுத்துத் தேவனை ஸ்தோத்திரித்து, அவர்களையும் புசிக்கும்படி தைரியப்படுத்தினான். தேவனும் அந்த 276 பேரையும் கரைசேர்த்தார்.

எட்டாம் நாள் விடியற்காலையில் வெரசானோ பாலத்தின் அடியில், அதன்மேல் மோதிவிடுமோ என்று அஞ்சத்தக்க அளவு நெருக்கமாய்க் கப்பல் நுழைந்து, நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. இறங்குமுன் அந்தத் தம்பியைத் தேடிப்பிடித்து, உணவுக்கூடத்தின் வாசலில் இரண்டு நிமிடம் அவன் தலையில் கைவைத்து ஜெபித்தேன். அதற்குமேல் அவனுக்கு நேரம் இல்லை. அன்று பிற்பகலே அடுத்த பிரயாணிகள் ஏறவேண்டியிருந்தது.

நம் வாசலில் கடல்

வீடு திரும்பிய வாரமே, அந்தத் தாயாரின் வீட்டிற்கு என் மனைவியோடு சென்றேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் சபைக்கு முன்பாக அவர்களை வெட்கப்படுத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "பாஸ்டரே, நான் உங்கமேல கோவப்பட்டது நெசம். ஆனா அவனுக்கு யாரும் ஜெபிக்கலியேங்கிற பயத்தில, நான் தினமும் ரெண்டு மடங்கா ஜெபிச்சேன்" என்றார்கள். மகன் மறு மாதம் விடுப்பில் வருவதாகவும் சொன்னார்கள்.

அவன் வந்தான். நான் தவறு செய்தது சபைக்கு முன்பாக. ஆகையால் அறிக்கையிட்டதும் சபைக்கு முன்பாகவே. பின்பு அவனை முன்னே அழைத்து, சபையார் எல்லாரும் கைகளை நீட்டி ஜெபித்தோம். சூதாட்டமும் மதுபானமும் பாவம் என்பதில் என் உபதேசம் மாறவில்லை. அவைகளின் நடுவே வேலை செய்கிற பிள்ளைக்கு மற்றவர்களைவிட அதிக ஜெபம் வேண்டும் என்பதை இப்போது அறிந்திருக்கிறேன். அத்தகைய ஜெபம் அவனுக்குத் தேவைப்பட்ட நாளிலேயே நான் அதை மறுத்தேன்.

எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே விழிஞ்ஞம் துறைமுகம் இருக்கிறது. 2024 ஜூலையில் முதலாவது பெரிய சரக்குக் கப்பல் அங்கே வந்தது. 2025 மே 2-ஆம் தேதி துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எத்தனையோ தேசத்துப் பணியாளர்கள் எங்கள் வாசலுக்கு வந்துபோகிறார்கள். 1856 முதல் 'மிஷன் டு சீஃபேரர்ஸ்' போன்ற ஸ்தாபனங்கள் உலகத் துறைமுகங்களில் கப்பலாட்களைச் சந்தித்து, ஆறுதல் கூறி, வீட்டாரோடு பேச உதவி செய்து வருகின்றன. கடல்வழி வந்த சுவிசேஷத்தைப் பெற்ற நாம் கடலாட்களுக்கு என்ன செய்தோம்? எங்கள் சபையில் இப்போது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தைக் கப்பல் பணியாளருக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். சிறிய ஆரம்பம்தான்.

நகரங்களில் குடியேறி வாழும் அன்பான தேவபிள்ளைகளே, உங்கள் சபையிலும் ஞாயிறு ஆராதனைக்கு வர இயலாதவர்கள் உண்டு. மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் சகோதரி, விடுதியில் பாத்திரம் கழுவும் தம்பி, அடுக்குமாடி வாசலில் காவல் நிற்கும் தகப்பன் ஆகியோர் அவர்களில் சிலர். அவர்கள் பின்வாங்கிப்போனார்கள் என்று தீர்க்குமுன், ஒருமுறை அவர்களிடம் கேளுங்கள்: "எப்படி ஜெபிக்கிறீர்கள்?" ஒருவேளை, நாம் உறங்கும் நேரத்தில் அவர்கள் எங்கோ ஒரு கீழ்த்தளத்தில் கூடிக்கொண்டிருக்கலாம்.

பணிவிடை செய்கிறவராகவே நம் நடுவில் வந்த கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.